சரிவில் புதைந்த வால்வு: டிடெக்டர் கத்தும் இடத்தில் தோண்டினால் ஒன்றுமில்லை, உதவி தேவை

லயத்துத்தண்ணி (பொகவந்தலாவை):
தொட்டியில இருந்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) இறங்குற 1 அங்குல பிவிசி லைனில் ஒரு பித்தளை கேட் வால்வு மண்ணுக்குள்ள போயிருச்சு. மழைக்கு மேல இருந்து மண் இறங்கி மூடினதால ஆழம் தெரியாது. கையில இருக்கிறது கேரட் ஏஸ் 400 உலோக டிடெக்டர், கூட வந்த 8.5 × 11 அங்குல டிடி காயில் (D வடிவத்துல ரெண்டு சுருள் வைச்ச தலை). ஒரு இடத்துல சத்தம் நல்லா வருது. அங்க 20 செ.மீ. அகலத்துல 35 செ.மீ. ஆழம் வரை நேரா தோண்டியாச்சு, ஒண்ணுமில்ல. குழிக்கு மேல காயிலை வைச்சா திரும்பவும் அதே சத்தம்! திரையில ஆழப் பட்டை 4 அங்குலம்னு காட்டுது. என்ன உலோகம்னு காட்டுற எண் ஒரு நிலையில நிக்குதில்ல. சரிவு 30 பாகை இருக்கும். சென்சிடிவிட்டியை (உணர்திறனை) 8ல வைச்சா சும்மாவே கீச்சுக்கீச்சுங்குது. எங்க பிழை?

குழாய்க்கை (தலவாக்கலை):
டிடெக்டர்ல பிழையில்ல, குழியிலதான் பிழை. காயிலைச் சரிவோட சாய்ச்சுப் பிடிச்சீங்கன்னா, சத்தம் உச்சமா வரும்போது பொருள் இருக்கிறது காயிலுக்குச் செங்குத்தா, அதாவது சரிவுக்குச் செங்குத்தா. நீங்க தோண்டினது தூக்குக்குண்டு நூல் பிடிச்ச மாதிரி நேர் கீழே. ரெண்டும் ஒரே கோடு இல்ல. 30 பாகைச் சரிவுல பொருள் 30 செ.மீ. உள்ள இருந்தா, உங்க நேர்குழியின் நடுவில இருந்து அது 15 செ.மீ. மலைப்பக்கம் தள்ளி இருக்கும். ஆழத்துல பாதின்னு ஞாபகம் வைச்சுக்கலாம். 20 பாகைச் சரிவுன்னா மூணுல ஒரு பங்கு. உங்க குழி நடுவில இருந்து 10 செ.மீ. தான் விரியுது, அதனால வால்வு 5 செ.மீ. தப்பிச்சிருச்சு. புதுக்குழி வேணாம். இருக்கிற குழியின் மேட்டுப்பக்கச் சுவரை, வாயில இருந்து 25 செ.மீ. கீழே, மெதுவா சுரண்டிப் பாருங்க.

அடுத்த தடவை மேசன் மூலைமட்டத்தைச் சரிவுல படுக்க வைச்சு, நிற்கிற கை காட்டுற திசையில தோண்டுங்க.

பட்டை காட்டுற 4 அங்குலத்தை நம்ப வேணாம். அந்த அளவு காசு அளவுப் பொருளுக்குப் போட்டது. வால்வு மாதிரிப் பெரிய உலோகம் ஆழத்துல இருந்தாலும் சத்தம் பலமா வரும், அதனால கிட்ட இருக்குன்னு காட்டிரும்.

செம்மண் (வெலிமடை):
கீச்சுச் சத்தத்துக்கு ஒரு சோதனை: காயிலை இடுப்பளவு தூக்கி அசையாம பிடிங்க. அப்பவும் கத்தினா மின்கம்பியோ கைபேசியோதான். கைபேசியை அணைங்க. தூக்கினதும் அடங்கி, மண்ணுக்கு மேல வீசும்போது மட்டும் கத்தினா மண். சிவப்பு மண்ணுல இரும்பு ஒக்சைட் உண்டு. உரம் போட்ட கையோட மழை பெஞ்சிருந்தா உப்பும் சேர்ந்துக்கும். ஏஸ் 400ல மண்ணுக்கேத்த மாதிரி நாமளே சரிபண்ற வசதி கிடையாது, தொழிற்சாலையில வைச்சதுதான். அதனால சென்சிடிவிட்டியை 5க்கு இறக்குங்க, காயிலை மண்ணுல இருந்து 3 செ.மீ. விலக்கி வீசுங்க. கொஞ்சம் ஆழம் குறையும், ஆனா வால்வுக்கு அது போதும்.

எண் ஓடுறதுக்குக் காரணம் வேற: உடம்பு பித்தளை, கைச்சக்கரம் பெரும்பாலும் இரும்பு. ரெண்டு உலோகமும் ஒரே நேரம் பேசுது. இரும்பை ஒதுக்கும் அமைப்புல வைச்சா சத்தம் துண்டு துண்டா வரும். எதையும் ஒதுக்காத 'ஸீரோ'வில வைங்க.

டிடிக்காரர் (பண்டாரவளை):
குறி வைக்கிற முறையும் முக்கியம். பின்பாயின்ட் பட்டனை (சரியான இடத்தைக் குறிக்க உதவுறது) பொருளுக்கு நேர் மேல வைச்சு அமுக்கக் கூடாது, அமுக்கினா அந்தப் பொருளையே வெறும் மண்ணுன்னு எடுத்துக்கும். ஒரு முழம் தள்ளி, அதே உயரத்துல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கிட்ட வாங்க. வால்வுக்குச் சத்தம் 40 செ.மீ. அகலத்துக்குப் பரவும். சத்தம் பாதிக்கு ஏறின இடத்துல விட்டுட்டு மறுபடி அமுக்கினா ஓரம் அடங்கி உச்சி மட்டும் மிஞ்சும். ஒரு தடவை சரிவுக்குக் குறுக்கே, ஒரு தடவை மேலும் கீழுமா. ரெண்டு உச்சிக் கோடும் வெட்டுற இடம்தான் குறி.

மேலும் கீழுமா போறதுலதான் சரிவு ஏமாத்தும். கீழ நின்னு மேல பார்த்துப் பிடிச்சா காயிலின் மூக்கு மண்ணுல குத்தும், குதி எழும்பும், குறி நகரும். காயில் போல்ட்டைத் தளர்த்தி, சரிவோட படுக்கிற மாதிரி மறுபடி இறுக்குங்க. காயிலைப் பின்னால இழுத்து, சத்தம் நிற்கிற இடத்துல மூக்குக்கு முன்னால குறி வைக்கிற வித்தை காசு, மோதிரத்துக்குச் சரி, வால்வுக்கு வேணாம். மம்பட்டியை ஒரு மீற்றர் தள்ளி வைங்க, இரும்பு மூக்குச் சப்பாத்தும் கூடாது.

குழாய்க்கை (தலவாக்கலை):
முக்கியமானது விட்டுப்போச்சு. பிவிசி குழாயை டிடெக்டர் கேக்காது. அலவாங்கு (கடப்பாரை) போட்டா குழாய் உடைஞ்சிரும். தோண்ட முன்னாடி தொட்டியில குழாய் தொடங்குற வாயைத் துணி சுத்தின கட்டையால அடைச்சிருங்க. கடைசி 10 செ.மீ. மேசன் கரண்டி மட்டும். மண்ணை உரப்பையில குவிச்சா சரிவுல ஓடாது, அந்தக் குவியலையும் காயில்ல காட்டிப் பார்க்கலாம்.

செம்மண் (வெலிமடை):
வேலை தொடங்க முன்னாடி தோட்டத்து ஆபீஸுக்கும் பொலிஸுக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. டிடெக்டரோட தோண்டினா புதையல் வேட்டைன்னுதான் ஊர் நினைக்கும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடி அனுமதியில்லாம அகழ்றது குற்றம். தண்ணி லைனுக்கு அது பொருந்தாதுதான், ஆனா விளக்கம் சொல்லிக்கிட்டு நிற்கிற நேரத்துல வால்வைத் திறந்திரலாம்.

லயத்துத்தண்ணி (பொகவந்தலாவை):
மேட்டுப்பக்கச் சுவர்ல இருந்துச்சு! குழி நடுவில இருந்து ஒரு சாண், கைச்சக்கரம்தான் முதல்ல தெரிஞ்சது. நன்றி அண்ணே. கீழ இன்னொரு வால்வு இருக்கு, அது ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) குழாயில. அங்க காயில் எங்க வைச்சாலும் கத்துது.

குழாய்க்கை (தலவாக்கலை):
ஜிஐல குழாய் முழுக்கப் பேசும், அதனால உச்சி தேட முடியாது. குழாய்க்குக் குறுக்கே 50 செ.மீ.க்கு ஒரு தடவை வீசி, சத்தம் எவ்வளவு அகலம்னு ரெண்டு ஓரத்துலயும் குச்சி நடுங்க. ஆழம் மாறாத வரை குச்சிகளின் இடைவெளி ஒண்ணாத்தான் இருக்கும். திடீர்னு விரியுற இடத்துல வால்வோ, யூனியன் இணைப்போ, டீ இணைப்போ இருக்கும். சென்சிடிவிட்டி 3 போதும். கிடைச்சதும் லயத்துச் சுவரின் ரெண்டு மூலையில இருந்தும் டேப் பிடிச்சு அளவெடுத்து, பெயின்டால சுவர்லயே எழுதி வைங்க.