பினாங்கில் முதல் கிறிஸ்துமஸ்: பிள்ளைகளோடு என்ன சுடலாம், எதைத் தொடவே வேண்டாம்

ஒரு தங்கை கேட்டிருந்தார்: "மலேசியாவுக்கு, பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை மாறி வந்து மூன்று மாதம் ஆகிறது. பிள்ளைகளுக்கு ஏழு வயது, நாலு வயது. ஊரில் அத்தை, சித்தி எல்லாம் கூடி உட்கார்ந்து பலகாரம் சுடுவார்கள். இங்கே நானும் பிள்ளைகளும்தான். எண்ணெய்ச் சட்டி வைக்காமல், பிள்ளைகளும் கை வைக்கிற மாதிரி ஏதாவது இனிப்பு சொல்லுங்கள். ஓவன் இன்னும் வாங்கவில்லை."

தங்கச்சி, நானும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள்தான். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் இல்லாத டிசம்பர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வந்த வருஷம் நான் பண்ணிய முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு இஞ்சி பிஸ்கட்டில் வீடு கட்டக் கிளம்பினேன். நாலு சுவர், இரண்டு கூரை, ஒரு புகைபோக்கி. ஒட்டுவதற்குச் சர்க்கரைப் பாகு. இரண்டு நாள் வேலை. மகள் ஜன்னலுக்கெல்லாம் மிட்டாய் ஒட்டினாள். ராத்திரி மேசையில் வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் பார்த்தால் கூரை நனைந்த அட்டை மாதிரி உள்ளே வளைந்து கிடக்கிறது, பாகு சுவரோரம் வழிந்து தட்டில் தேங்கி நிற்கிறது, ஜன்னல் கம்பியிலிருந்து மேசை வரைக்கும் எறும்புச் சாரை. மகள் அழவில்லை. "அம்மா, நம்ம வீட்டுக்கு ஆள் குடிவந்தாச்சு" என்றாள்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். இஞ்சி பிஸ்கட் வீடு ஜெர்மனிப் பக்கத்துப் பழக்கம். அங்கே டிசம்பரில் கணப்பு போட்ட அறைகளில் காற்று காய்ந்து கிடக்கும், வீடு வாரக்கணக்கில் நிற்கும். இங்கே துவைத்த துணியே காயாது. அதனால் இந்த ஊர்க் காற்றோடு மல்லுக்கு நிற்காத பலகாரமாகப் பார்த்து எடுக்க வேண்டும். என் அனுபவத்தில் அப்படி முதலில் நிற்பது நெய் பிஸ்கட்.

இங்குள்ள தமிழர் வீடுகளில் தீபாவளிக்குச் செய்வார்கள். சூஜி பிஸ்கட் என்றும் சொல்வார்கள், பெயரில்தான் சூஜி, பலர் ரவையே போடுவதில்லை. முட்டை கிடையாது, அச்சு வேண்டாம், மாவு தேய்க்க வேண்டாம். நாலு வயசுக்காரனுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை, உருண்டை பிடிக்கத் தெரிந்தால் போதும்.

300 கிராம் மைதா மாவு, 180 கிராம் நெய், 130 கிராம் ஐசிங் சர்க்கரை, கால் டீஸ்பூன் சமையல் சோடா, சிட்டிகை உப்பு, நாலைந்து ஏலக்காய் பொடித்தது. இந்த ஊர் வெயிலில் நெய் பாதி உருகியே இருக்கும். அப்படியே சேர்த்தால் மாவு பிசுபிசுவென்று கையில் ஒட்டும், பிஸ்கட் தட்டில் பரந்து அப்பளமாகிவிடும். நெய்யை அளந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கெட்டியானதும் எடுங்கள். முதலில் நெய்யையும் சர்க்கரையையும் வெள்ளையாகும் வரை குழைக்க வேண்டும். அப்புறம் சோடா, உப்பு கலந்து சலித்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். 300 கிராமும் போட்டுத் தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போட்டுப் பிசையவும் கூடாது, சேர்ந்து வந்தால் போதும்.

சின்ன நெல்லிக்காய் அளவு பிடித்தால் நாற்பது சொச்சம் வரும். சின்னவன் உருட்ட, பெரியவள் தலையில் அரை முந்திரியோ சிவப்பு, பச்சை செர்ரித் துண்டோ அழுத்த, கிறிஸ்துமஸ் நிறம் தானாக வந்துவிடும். 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். மேலே வெள்ளையாகவே இருக்கட்டும், அடியில் லேசாகப் பொன்னிறம் கண்டால் எடுத்துவிடலாம். சூட்டில் தொட்டால் பொடிந்துபோகும். ஆறும்வரை பிள்ளைகள் கையைக் கட்டிப் போடுவதுதான் இதில் கஷ்டமான கட்டம்.

சரி, ஓவன் இல்லை என்றீர்கள். பல வாடகை வீடுகளில் இருக்காது, அடுப்போடு சரி. முப்பது லிட்டர் மேசை ஓவன் ஒன்று போதும், கடையில் வாங்கும்போது சிரிம் (இந்த நாட்டுத் தரச் சான்று) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஊரிலிருந்து ஓவன் தூக்கி வர நினைக்காதீர்கள். மின்னழுத்தம் ஒத்துப்போகும், ஆனால் நம்முடையது உருண்டைப் பின், இங்கே மூன்று பட்டைப் பின். மேசை ஓவனில் மேல் கம்பி பிஸ்கட்டுக்குக் கிட்டத்தில் இருக்கும், கருக ஆரம்பித்தால் மேலே ஒரு அலுமினியத் தாள் மூடுங்கள். கண்ணாடிக் கதவும் நன்றாகச் சுடும். நான் தரையில் சிவப்பு டேப் ஒன்று ஒட்டி வைத்தேன், அந்தக் கோட்டைத் தாண்டினால் அன்றைக்கு உருண்டை பிடிக்கும் உரிமை ரத்து. சத்தம் போட்டதைவிட அது வேலை செய்தது. ஏர் ஃப்ரையர் மட்டும் இருந்தால் 150 டிகிரியில் எட்டு நிமிடத்துக்கு மேல் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேக்கிங் தாளை வெறுமையாக விரித்து ஓட விட்டால் விசிறிக் காற்றில் பறந்து மேல் கம்பியில் ஒட்டிக் கருகும், மேலே பிஸ்கட் பாரம் இருக்க வேண்டும்.

இப்போது கடை. புதிதாக வந்தவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் மாவுதான். பாக்கெட்டில் 'தெபோங் கண்டும்' என்று இருக்கும், கோதுமை மாவு என்று அர்த்தம். இங்குள்ள தமிழர்களும் அதைக் கோதுமை மாவு என்றே சொல்வார்கள். ஆனால் உள்ளே இருப்பது நம் மைதா. சப்பாத்தி மாவு வேண்டுமானால் ஆட்டா என்று கேட்க வேண்டும். நான் முதல் மாதம் தெபோங் கண்டுமில் சப்பாத்தி போட்டுவிட்டு, மாவு சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய் வந்தவள். 'தெபோங் நாய்க் செண்டிரி' என்றால் தானே உப்பும் மாவு, பேக்கிங் பவுடர் கலந்தது. கடை அக்கா அந்தப் பெயரைச் சொன்னதும் என் மகன் "நாய்க்கு மாவா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். நெய் பிஸ்கட்டுக்கு அது வேண்டாம், வெடித்துப் பரவும். வெண்ணெய் என்றால் மெந்தெகா, உப்பில்லாதது மெந்தெகா தன்பா காராம். நெய் என்றால் மின்யாக் சாப்பி. டின்னைத் திருப்பிப் பார்த்து, வனஸ்பதி மாதிரியான தாவர நெய் இல்லையே என்று உறுதி செய்துகொள்ளுங்கள், மணமே வராது. ஐசிங் சர்க்கரை கூலா ஐசிங். முட்டை ஏ, பி, சி என்று எடை வாரியாக விற்பார்கள். ஏ என்றால் ஒன்று 65 கிராமுக்குக் குறையாது, சி 55 முதல் 60க்குள். ஊர்க் குறிப்பில் 'முட்டை 3' என்று இருந்தால் சி வகையை எடுங்கள், இல்லையென்றால் கேக் மாவு தண்ணீராகும்.

ஏலக்காய், முந்திரி, ரவை, நல்ல நெய் எல்லாம் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் ஒரே நடையில் முடிந்துவிடும்.

ஓவன் வாங்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அகர் அகர் செய்யுங்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம் ஊரில் நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளிலிருந்து வருமே கடல்பாசி, அதேதான். பொடியாக ஒரு சின்னப் பொட்டலம், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் (பொட்டலத்தில் போட்ட அளவே சரி), 150 கிராம் சர்க்கரை. நன்றாகக் கொதித்துக் கரைந்ததும் மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றில் கெட்டித் தேங்காய்ப்பால், ஒன்றில் ரோஜா சிரப், ஒன்றில் பாண்டான் இலைச் சாறு. வெள்ளை, சிவப்பு, பச்சை. ஊற்றுவது உங்கள் வேலை. அடுத்த அடுக்கை எப்போது ஊற்றலாம் என்று சொல்வது பிள்ளைகள் வேலை: விரல் நுனியால் மெல்லத் தொட்டால் பசைபோல ஒட்ட வேண்டும், ஆனால் குழி விழக் கூடாது. முழுக்க ஆறிவிட்டால் அடுக்குகள் ஒட்டாமல் வெட்டும்போது தனித்தனியாகக் கழன்றுவிடும். ஜெலட்டின் ஜெல்லி இந்த வெயிலில் மேசையில் வைத்த கொஞ்ச நேரத்தில் இளகும். கடல்பாசி ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும், உறைந்தது 80 டிகிரிக்கு மேல் சூடு கண்டால்தான் உருகும். பினாங்கு எவ்வளவு கொதித்தாலும் அந்த அளவுக்குப் போகாது.

நட்சத்திரம், மணி என்று அச்சு வைத்து வெட்டும் பிஸ்கட்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள், பிடிக்கத்தான் செய்வார்கள். கணக்கு எளிது: எடையில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று. 250 கிராம் வெண்ணெய்க் கட்டி ஒன்றுக்கு 125 சர்க்கரை, 375 மாவு. சிக்கல் வெண்ணெயில். அது உருகும் சூடும் இங்கத்திய மதியச் சூடும் கிட்டத்தட்ட ஒன்று. பிசைந்த மாவை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து உருட்டி, தட்டையாகவே அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்து, ஏர்கான் போட்ட அறையில் உட்கார்ந்து வெட்டுங்கள். வெட்டியதைத் தட்டோடு மறுபடி பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு 170 டிகிரியில் 12 நிமிடம். மேலே பூச முட்டை வெள்ளை ஐசிங் வேண்டாம், காயாது, சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சை முட்டையும் நல்லதில்லை. 100 கிராம் ஐசிங் சர்க்கரையில் ஒரு டேபிள்ஸ்பூன் கஸ்தூரி எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்தால் போதும். சந்தையில் கோலிக்குண்டு அளவில் பச்சையாக விற்குமே, அதுதான்.

அப்புறம் பக்கத்து வீடுகள். இதை நான் சமையலைவிட முக்கியமாக நினைக்கிறேன். இங்கே எல்லாப் பண்டிகைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு உண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள், தட்டு போகும், தட்டு வரும். எங்கள் மாடியில் ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், மறு பக்கம் சீன ஆன்ட்டி, கீழே நம் ஆட்கள். மலாய்க்காரர் வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஜாக்கிம் (அரசின் இஸ்லாமியத் துறை) ஹலால் முத்திரை உள்ள பொருளாகவே வாங்குங்கள். வெனிலா எசன்ஸில் ஆல்கஹால் இருக்கலாம், மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலிருந்து வந்ததாக இருந்தால் இந்து நண்பர்களுக்கும் ஆகாது. பௌத்தர்கள் சிலர் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். நெய் பிஸ்கட்டும் கடல்பாசியும் இந்த எல்லாச் சல்லடையிலும் விழாமல் தப்பிவிடும், நான் அவற்றை முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் சமையலறையில் பன்றி சமைப்பீர்கள் என்றால் சிலர் வாங்கத் தயங்கலாம், மனசில் வைத்துக்கொள்ளாமல் பிரிக்காத பாக்கெட் ஒன்றோ ஆரஞ்சுப் பழமோ கொடுங்கள். தட்டைப் பிள்ளைகளே கொண்டுபோகட்டும். எங்கள் மகள் அப்படிப் போய்த்தான் மலாய் ஆன்ட்டியை 'மாக்சிக்' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள். அந்த மாக்சிக் தட்டைக் காலியாகத் திருப்பவில்லை, அதில் குவே லாப்பிஸ் இருந்தது. அடுக்கு அடுக்காக உரித்துச் சாப்பிட்டுவிட்டு, "நம்ம கடல்பாசிக்குச் சொந்தக்காரங்க மாதிரி இருக்கு" என்றாள்.

பின்னால் வந்த கேள்விகளுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிளம் கேக்குக்குப் பழம் ஊறப்போட ரம்தான் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். ஆரஞ்சுச் சாறு அல்லது கடுந்தேநீர், ஒரு ராத்திரி, ஃப்ரிட்ஜுக்குள்ளே. வெளியே வைத்தால் மறுநாளே புளித்து நுரை கட்டும்.

சூஜி கேக்கும் சூஜி பிஸ்கட்டும் ஒன்றா? இல்லை. கேக் யுரேஷியர்களுடையது, போர்த்துகீசிய வழி வந்த குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் செய்வது: ரவையை வெண்ணெயில் ஊறவைத்து, பாதாம் சேர்த்து, நிறைய மஞ்சள் கருவோடு. பினாங்கில் அவர்களுடைய பழைய பகுதி புலாவ் தீக்குஸ். பிள்ளைகளோடு செய்ய ஏற்றதில்லை. யாராவது கொடுத்தால் விட்டுவிடாதீர்கள்.

தமிழ்த் திருப்பலி எங்கே என்று கேட்டவருக்கு: பினாங்கு ரோட்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம். பூசை முடிந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்று பேசுங்கள், அச்சு முறுக்கு அச்சு இரவல் கொடுக்க ஆள் கிடைக்கும். அதே முறுக்கை இங்கே குவே ரோஸ் என்று ஜாடியில் விற்பார்கள், எண்ணெய்ச் சட்டி பயம் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

எத்தனை நாள் தாங்கும்? நெய் பிஸ்கட் காற்றுப் புகாத ஜாடியில் இரண்டு வாரம் தாராளமாக. முழுக்க ஆறுமுன் மூடினால் மறுநாளே நமத்துப்போகும். 25ஆம் தேதிதான் பொது விடுமுறை, 24 இங்கே வேலை நாள், அதனால் அதற்கு முந்தின சனி ஞாயிறில் சுட்டு வைத்துவிடுங்கள். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடிகள் பேக்கிங் சாமான் கடைகளில் கிடைக்கும். ஜாடியை மேசையில் வைக்கும்போது அடியில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதற்குள் வையுங்கள். எறும்புக்கு.