தலைவர்களைக் கிண்டல் செய்வது ஃபேஷனாகிவிட்டதா? கண்ணெதிரே பார்த்ததைச் சொல்லுங்கள்

ஆவடி வாசி:

சமீபத்தில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. பந்தி முடிந்து ஆண்கள் எல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பிளஸ் ஒன் படிக்கிற பையன் ஒருவன் எழுந்து தலைவர்கள் மாதிரி பேசிக் காட்டினான். கலைஞர் குரலில் தொடங்கி மோடி வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. நன்றாகவே செய்தான், எல்லாரும் சிரித்தோம். என் சித்தப்பா சும்மா கேட்டார்: "சரிப்பா, நம்ம தொகுதி எம்.எல்.ஏ. யாரு?" பையனுக்குத் தெரியவில்லை. அதற்கும் ஒரு வடிவேலு வசனத்தைச் சொல்லித் தப்பித்தான். அதற்கும் சிரிப்பு.

பையனைக் குறை சொல்ல வரவில்லை. யாரையும் மதிக்காமல் பேசுவதுதான் விவரமான ஆளுக்கு அடையாளம் என்று ஆகிவிட்டதா, இல்லை எந்தக் காலத்திலும் இப்படித்தானா? கட்சிச் சண்டை வேண்டாம். உங்கள் அனுபவம் எதுவோ அதை எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்:

எந்தக் காலத்திலும் இப்படித்தான் தம்பி. இதைவிட மோசமாகவே இருந்தது. வெற்றிகொண்டான், தீப்பொறி ஆறுமுகம் மாதிரி கட்சி மேடைப் பேச்சாளர்கள் கூட்டம் என்றால் எங்கள் ஊரில் பெண்களை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போவோம். பேச்சு தொடங்கவே ராத்திரி பத்து மணி ஆகும். எதிர்க்கட்சிக்காரர்களும் வருவார்கள். முன்னால் உட்கார முடியாதல்லவா, டீக்கடை ஓரத்து இருட்டில் நின்று கேட்பார்கள். தங்கள் தலைவரைத் திட்டும்போதும் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சில் அசிங்கம் நிறைய. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பேசியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் காட்டித்தான் பேசினார். மறுநாள் வழக்கு வந்தால் அவர் பேரில்தான் வரும்.

1987ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இரண்டு பேர். பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்கிற தோரணையில் இருந்தது. அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றத்தில் மூன்று மாத ஜெயில் தண்டனை. சபாநாயகர் பி.எச். பாண்டியன். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியதும் சீக்கிரமே வெளியே விட்டார்கள். அவர் அதோடு விடாமல் உயர் நீதிமன்றம் போய், இழப்பீடாக 1,000 ரூபாய் வாங்கினார். அந்த வாரம் தபால் பை பிரிக்கும்போது எங்கள் ஆபீசில் வேறு பேச்சே இல்லை. சந்தா கட்டாதவர்கள்கூட "அந்த புக் ஒண்ணு கிடைக்குமா?" என்று ஜன்னலில் வந்து கேட்டார்கள்.

இன்னும் பின்னால் போனால் ஔவையார் இருக்கிறார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், அவன் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்? உன் ஆயுதமெல்லாம் மயில்பீலி சூட்டி, நெய் பூசி அழகாக இருக்கிறது. எங்கள் ஆளுடையது குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றார். புறநானூறு 95. ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்ன கிண்டல் அது. ஆகவே கிண்டல் புதிதில்லை.

ஆண்டிபட்டிக்காரன்:

ஐயா சொன்னது சரி. நான் தெர்மாகோல் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து வைகை அணை பக்கம்தான்.

2017 ஏப்ரல். முந்தின ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 71 அடி அணையில் அடிமட்டத்தில் கொஞ்சம் தண்ணீர், அதை நம்பித்தான் மதுரைக்குக் குடிநீர். வெயிலில் அது ஆவியாகாமல் இருக்க தெர்மாகோல் அட்டைகளை ஒட்டிப் பரப்புகிறோம் என்று அமைச்சர் செல்லூர் ராஜு, அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் எல்லாரும் வந்தார்கள். பத்து லட்ச ரூபாய் திட்டம் என்றார்கள். காற்று அடித்தது. அட்டைகள் கொஞ்ச நேரத்தில் கரைக்கு வந்துவிட்டன, சில உடைந்தும் போயின. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நாங்களும் சிரித்தோம். எங்கள் ஊர்ப் பையன்கள் ஆட்டோவுக்குப் பின்னால் தெர்மாகோல் துண்டு ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு விஷயம் அப்படியே மூழ்கிப்போனது. நீர்ப்பரப்பை மூடி ஆவியாவதைக் குறைப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. 2015ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் ஒரு நீர்த்தேக்கத்தில் கோடிக்கணக்கில் கறுப்புப் பந்துகளைக் கொட்டி மிதக்கவிட்டார்கள். இங்கே தப்பாகப் போனது செய்த விதம். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று எங்கள் ஊரில் மீன் பிடிக்கிறவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். இதற்கு ஒப்புதல் கொடுத்தது யார்? சோதித்துப் பார்த்தார்களா? அணையில் சேர்ந்திருக்கிற வண்டலை எப்போது அள்ளப்போகிறார்கள்? இதைக் கேட்டு ஒரு மீம்கூட நான் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அவர் கூட்டுறவுத் துறை அமைச்சர், அணை அவர் துறையே இல்லை. அதையும் யாரும் பேசவில்லை.

அப்புறம் ஊர் உலகமே சிரித்த அதே மனிதர் 2021ல் மதுரை மேற்கில் மறுபடி ஜெயித்தார். கிண்டலால் ஓட்டு குறையும் என்று நினைக்கிறவர்கள் கவனிக்க.

மீம் கிரியேட்டர், கோவை:

ஆண்டிபட்டி அண்ணன் சொன்னதற்கு உள்ளிருந்து பதில் சொல்கிறேன்.

2021 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் ஒரு ஏஜென்சியில் வேலை பார்த்தேன். பேர் வேண்டாம். எந்தக் கட்சிக்கு என்பதும் வேண்டாம், எல்லாப் பக்கமும் அதே வேலைதான் நடந்தது. காலையிலிருந்து ஒருவர் எதிரணித் தலைவர்களின் பிரசாரத்தை நேரலையில் பார்த்துக்கொண்டே இருப்பார். வாய் குழறினால், ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னால், துண்டுச்சீட்டைத் தேடினால் உடனே நேரத்தைக் குறிப்பார். இன்னொருவர் அந்தத் துண்டைக் கட் பண்ணுவார். நான் அதில் வடிவேலுவையோ கவுண்டமணியையோ ஏற்றுவேன். பேச்சு முடிவதற்குள் எங்கள் மீம் குரூப்புகளில் ஓடிக்கொண்டிருக்கும். தலைவர் அந்த மேடையில் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்று எங்கள் மூன்று பேரில் யாரைக் கேட்டாலும் தெரியாது.

ஒரு தடவை எனக்கே ஆசை வந்து, பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டை வைத்து ஒன்று செய்தேன். மாநிலத்தின் கடன் 4.85 லட்சம் கோடி ரூபாய் என்று அதிலேயே இருந்தது. நல்ல டெம்ப்ளேட், நல்ல வசனம். ரீச்சே இல்லை. அதே வாரம் பழைய சரக்கைத் தூசு தட்டிப் போட்டோம். கம்பராமாயணத்தை சேக்கிழார் எழுதியதாக எடப்பாடி பழனிசாமி சொன்னது, ஸ்டாலின் பழமொழியைப் புரட்டிச் சொன்னது, இந்த மாதிரி. பிய்த்துக்கொண்டு போனது. மேலிடத்திலிருந்து ஒரே கட்டளைதான் வந்தது: "கணக்கெல்லாம் வேண்டாம்பா, தடுமாறின இடம் இருந்தா போடு."

ஆகவே மக்கள் தானாகச் சிரிக்கிறார்கள் என்று முழுசாக நம்ப வேண்டாம். தானாக வருவதும் உண்டு. 2019ல் மோடி இரண்டாம் முறை பதவியேற்பதற்கு முந்தின நாள், சினிமாவில் வடிவேலு நடித்த நேசமணி பாத்திரத்துக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லி உலகமே திரண்டதே, அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அந்த மாதிரிக் கூத்து எப்போதாவதுதான் வரும். தேர்தல் நேரத்தில் உங்கள் குடும்ப குரூப்புக்கு வந்து சேர்வதில் பாதிக்குமேல் சம்பளத்துக்குச் செய்தது என்பது என் கணிப்பு.

முன்னாள் வார்டு உறுப்பினர், தருமபுரி மாவட்டம்:

தம்பி, உங்கள் மேல் கோபமில்லை. நீங்கள் செய்வது எங்கள் மாதிரி ஆட்களை எப்படி வந்து சேர்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கான வார்டில் நின்று ஜெயித்தேன். அதுவரைக்கும் மைக்கைத் தொட்டதில்லை. ஒரு கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானத்தைப் படிக்கச் சொன்னார்கள். அரசாங்கத் தமிழ் உங்களுக்குத் தெரியும், ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். இரண்டு இடத்தில் திக்கினேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் போனில் எடுத்து, சினிமா காமெடிக் குரலைச் சேர்த்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் அவரிடமே காட்டிச் சிரித்திருக்கிறார்கள். நான் திக்கித் திக்கிப் படித்தது எங்கள் காலனி மேல்நிலைத் தொட்டி மோட்டார் பற்றிய தீர்மானம். மோட்டார் பல மாதமாக ரிப்பேர். வீடியோவில் அந்த வரியைக் கட் பண்ணிவிட்டான்.

பெரிய தலைவர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சொல்வீர்கள். தமிழிசை அம்மாவை என்ன பாடு படுத்தினார்கள்? அவர் கட்சி எனக்குப் பிடிக்காது, அது வேறு. ஒரு டாக்டர், மாநிலத் தலைவராக இருந்தவர். அவர் சொன்ன கருத்துக்குப் பதில் சொன்னவர்களைவிட அவர் முடியையும் நிறத்தையும் உயரத்தையும் பேசியவர்கள்தான் அதிகம். அவரே பொது மேடைகளில் அதைச் சொல்லியிருக்கிறார். கறுப்பாக இருக்கிற, சுருட்டை முடி இருக்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் அதைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள்? அடுத்த தேர்தலுக்கு மனு போடச் சொல்லி நான் கூப்பிட்ட ஒரு பெண், "வேண்டாம்க்கா, போட்டோ எடுத்துப் போடுவானுங்க" என்றாள். நல்லா பேசக்கூடிய பெண் அவள். ஆம்பளைத் தலைவர் பணத்தை எடுத்தால் பணத்தைப் பற்றிக் கிண்டல். பொம்பளை வாயைத் திறந்தாலே மூஞ்சியைப் பற்றிக் கிண்டல்.

ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்:

அம்மா சொல்வதைப் படித்ததும் ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது. நான் புகழ்ந்த அந்த மேடைகளிலும் பெண் தலைவர்களைப் பற்றிப் பேசியது காது கொடுத்துக் கேட்க முடியாதபடிதான் இருந்தது. பெண்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம் என்று எழுதினேனே, காரணமே அதுதான்.

கோயம்பேடு காய்கறிக் கடை:

எல்லாரும் எழுதிவிட்டீர்கள், கேப்டன் பேச்சு இன்னும் வரவில்லையே.

தே.மு.தி.க. ஆபீஸ் எங்கள் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில்தான். என் ஓட்டு ஒருபோதும் விஜயகாந்துக்குப் போனதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2011ல் 29 இடம் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். ஒரே தேர்தலில் தி.மு.க.வையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளிய கட்சி. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு தடுமாற ஆரம்பித்தது. 2015 டிசம்பரில் பத்திரிகையாளர்களைப் பார்த்து "தூ" என்றார். அது ஒரு தப்பான காரியம்தான். அதற்கு மேல் அவர் என்ன பேசினாலும் காமெடி என்று முடிவாகிவிட்டது. எங்கள் மார்க்கெட்டில் ராத்திரி லோடு இறக்குகிற பசங்க போனில் விடிய விடிய கேப்டன் மீம்தான் ஓடும். குடித்துவிட்டுப் பேசுகிறார் என்று எல்லாரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 2016ல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட்டும் போனது.

2023 டிசம்பர் 28, அவர் இறந்த அன்று காலையிலிருந்தே எங்கள் பக்கம் ரோடு நகரவில்லை. மறுநாள் தீவுத்திடலுக்குக் கொண்டுபோய், சாயந்திரம் திரும்ப இங்கேயே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். வழி நெடுக அவ்வளவு கூட்டம். அதே லோடு பசங்க வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள், சில பேர் தேம்பித் தேம்பி அழுதார்கள். போனைத் திறந்தால் "சாரி கேப்டன்", "உங்களைக் கிண்டல் பண்ணியதற்கு மன்னிச்சிடுங்க". நான் கவனித்தது என்னவென்றால், சிரிக்க வைத்த அதே வீடியோதான் மறுபடி சுற்றியது. பின்னால் ஓடுகிற மியூசிக் மட்டும் சோகமாக மாறியிருந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். சிரித்தபோதும் சரி, அழுதபோதும் சரி, எதிர்க்கட்சித் தலைவராக அவர் என்ன செய்தார் என்ற கேள்வியே எழவில்லை. அவர் எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக ஜெயலலிதா பக்கம் சாய்ந்தார்கள், கடைசியில் அந்தப் பதவியே போனது. சட்டமன்றத்தில் எதிர்ப்பக்கம் இருந்து பேச வேண்டிய ஆள் என்ன ஆனார், ஏன் ஆனார்? அதைப் பேசியிருந்தால் அவரைத் திட்டவும் நியாயம் இருந்திருக்கும், பாராட்டவும் நியாயம் இருந்திருக்கும். கும்பலாகச் சிரித்தார்கள், கும்பலாக மன்னிப்பு கேட்டார்கள். இரண்டும் ஒரே ஃபேஷன்தான் என்பேன். பசிக்கு வந்தவனுக்குச் சோறு போட்டார் என்பது உண்மை, அதை இந்தப் பகுதியில் நானே பார்த்திருக்கிறேன். அதற்காக அழுதவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை.

வக்கீல் குமாஸ்தா:

ஃபேஷன் ஃபேஷன் என்கிறீர்கள். எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு அது அவ்வளவு லேசாக முடிவதில்லை.

2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது, இனி ஃபேஸ்புக்கில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று பேசிக்கொண்டோம். அதே வருடம் அக்டோபரில் டாஸ்மாக் பற்றிப் பாடியதற்காகப் பாடகர் கோவனைத் தேசத்துரோக வழக்கில் கைது செய்தார்கள். 2017ல் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததைப் பற்றிப் படம் போட்ட கார்ட்டூனிஸ்ட் பாலாவைப் பிடித்தார்கள். ஜெயலலிதா ஆட்சியின் ஐந்து வருடத்தில் போட்ட அவதூறு வழக்குகள் இருநூறுக்கும் மேல் என்று உச்ச நீதிமன்றத்திலேயே கணக்கு வந்தது. ஆட்சி மாறினாலும் பழக்கம் மாறவில்லை. அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தில் 505, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 353. பிரிவின் நம்பர்தான் மாறியது.

எங்களிடம் வந்த ஒரு பையன் மீம் செய்யவில்லை, வந்ததை ஃபார்வர்ட் மட்டும் செய்தான். டிப்ளமோ முடித்து வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தான். ஸ்டேஷனில் ராத்திரி முழுக்க உட்கார வைத்தார்கள். அவன் அப்பா பருத்தி எடுக்கிற வேலையை விட்டுவிட்டு, யாரோ சொன்ன வக்கீல் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் வாய்தாவில்தான் ஓடுகிறது. பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் சான்று கேட்டபோது இந்த வழக்கு வந்து நின்றது. அவன் அனுப்பியதைவிட நூறு மடங்கு மோசமானதைத் தினமும் போடுகிற பக்கங்கள் ஜோராக ஓடுகின்றன. அவர்களுக்குப் பின்னால் கட்சி இருக்கிறது, கட்சிக்கு வக்கீல் அணி இருக்கிறது.

போன வாய்தாவுக்கு வந்தபோது, "இப்ப என்னப்பா பண்றே?" என்று கேட்டேன். ஒரு கட்சியின் ஐடி விங்கில் சேர்ந்துவிட்டானாம். சம்பளம் குறைவுதான், ஆனால் இனி கேஸ் வந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.