குவீன்ஸ்பரி ஆலை பேண்டு: சாலையோரத்தில் கேட்டவை

வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் வேலை பார்த்த நாள்களில், பெந்தெகொஸ்தே திருநாளை அடுத்து வரும் வெள்ளிக்கிழமை மாலையில் சாடில்வொர்த் மலைக் கிராமங்களில் நடைபெறும், பித்தளை ஊதுகருவிக் குழுக்களான பேண்டுகளின் போட்டியைப் பார்க்க ஒருமுறை போயிருந்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் பேருந்துகளில் ஊர் ஊராக வந்திறங்கி, தெருவில் வாசித்தபடி நடந்து, பிறகு ஓரிடத்தில் நின்று போட்டிக்குரிய இசையை வாசித்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுகின்றன. வாசிப்பது யார் என்று நடுவருக்குத் தெரியக் கூடாது என்பதால் அவரைத் திரை மூடிய வண்டிக்குள் உட்கார வைத்திருந்தார்கள்.

என் பக்கத்தில் நின்ற முதியவர் பிராட்ஃபோர்டை அடுத்த குவீன்ஸ்பரியின் பிளாக் டைக் கம்பளி ஆலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர். அந்த ஆலையின் பெயரைத் தாங்கிய பேண்டு வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். வலக்கையின் மூன்று விரல்கள் மட்டும் கல்சுவரின் மேல் மாறி மாறி அழுந்திக்கொண்டிருந்தன. இளவயதில் வேறொரு சிறிய குழுவில் டெனர் ஹார்ன் என்ற ஊதுகருவியை வாசித்தவராம்.

இந்த பேண்டுக்கு மூலமான, 1816-இல் தொடங்கிய ஊர்க்குழுவில் ஆலை முதலாளி ஜான் ஃபாஸ்டரே ஒரு காலத்தில் பிரெஞ்சு ஹார்ன் வாசித்திருக்கிறார். 1855-இல் அவருடைய நிறுவனம் கருவிகளும் சீருடையும் கொடுத்து, பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர்களையே கொண்டு பேண்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இதை வெறும் வள்ளல்தன்மை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மாலையில் மதுக்கடைக்குப் போகாதவன் மறுநாள் நேரத்துக்கு வேலைக்கு வருவான் என்பதும், பரிசு வாங்கும் பேண்டு ஆலையின் பெயரை ஊர்தோறும் கொண்டுபோகும் என்பதும் அக்கால முதலாளிகள் அறியாதவை அல்ல.

முதியவர் சொன்னவற்றுள் என்னை அதிகம் கவர்ந்தது விரல் கணக்குதான். சிறிய கார்னெட்டிலிருந்து பெரிய பாஸ் வரை, விரலால் அழுத்தும் வால்வு உள்ள கருவிகள் எல்லாவற்றுக்கும் இசைக்குறிப்பு ஒரே முறையில் எழுதப்படுவதால், ஒரு குறிக்கு எந்தக் கருவியிலும் அதே விரல்களே அழுந்துகின்றன. பாஸ் வாசிப்பவர் வராவிட்டால் ஹார்ன்காரரை அங்கே உட்கார வைத்துவிடலாம். உதடு பழகத்தான் நாளாகும் என்று சொல்லிச் சிரித்தார்.

1968-இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி பக்கத்து ஊரான சால்டேருக்கே வந்து இந்த பேண்டை வைத்து இசைத்தட்டுக்கு ஒலிப்பதிவு செய்த அளவுக்கு அதன் பெயர் பரவியிருந்தது. இப்போது பேண்டில் ஆலைக்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். “ஆலையே ஓடவில்லையே, ஐயா” என்றார்.

அடுத்த மாதம் குவீன்ஸ்பரிக்குப் போனேன். கரிபடிந்த அந்தக் கல்கட்டடங்களில் தறி ஓசை இல்லை. பேண்டின் பயிற்சி அறைச் சன்னல் வழியாக மட்டும் யாரோ ஒருவர் யூஃபோனியம் என்ற ஊதுகருவியில் ஒரே நாலு அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது கேட்டது; மூன்றாம் அடியில் ஒவ்வொரு முறையும் தடுக்கியது.