சீன் மாத்துனா ஸ்ட்ரிங்ஸ் சத்தமே வரதில்லீங்க, பெடலைத் தொட்டா வந்துருது – மிடி சிசி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோபி கீஸ்:
வணக்கமுங்க. கோபி பக்கம் ஆர்கெஸ்ட்ரால கீபோர்டு வாசிக்கறேன், முகூர்த்த சீசன்ல ரிசப்ஷன், மத்தபடி கோயில் நோம்பின்னு ப்ரோகிராம் இருந்துட்டே இருக்கும், அதனால இத சீக்கிரமா சரி பண்ணியே ஆகோணும்.

செட்டப் சொல்லிர்றேன். 61 கீ மிடி கண்ட்ரோலர் ஒண்ணு, அதுல தனியா சவுண்டு கெடையாது, எந்த கீ அமுத்துனோம்ங்கற செய்திய மட்டும் மிடி வழியா அனுப்பும். அதோட மிடி அவுட்ல இருந்து அஞ்சு பின் கேபிள், சத்தம் குடுக்கற ஒரு பழைய சின்த்தோட மிடி இன்னுக்குப் போகுது. ரெண்டும் வேற வேற கம்பெனி. கால்ல சத்தத்தை ஏத்தி எறக்கற எக்ஸ்பிரஷன் பெடல் கண்ட்ரோலர்ல மாட்டியிருக்குது. சின்த்து மல்டி மோடுல, அதாவது சேனலுக்கு ஒரு சவுண்டு, சேனல் 1 ஸ்ட்ரிங்ஸ், 2 ஷெனாய், 3 சித்தார். கண்ட்ரோலர்ல சீன் பட்டன் அமுத்துனா சேனல் மாறும்.

இப்ப பாருங்க, சீன் 1ல ஸ்ட்ரிங்ஸ் முடிக்கறப்ப பெடலை முழுசா இறக்கி சத்தத்தைக் கரைச்சு விடுவேன், அப்பறம் சீன் 2 போட்டு பெடலை ஏத்தி ஷெனாய் பிட்டு, அது நல்லாவே கேக்குது, திரும்ப சீன் 1க்கு வந்தா ஸ்ட்ரிங்ஸ் ஒரு பொட்டு சத்தம் இல்ல. சின்த்து டிஸ்ப்ளேல சேனல் 1 ஒவ்வொரு கீக்கும் மின்னுது, ஸ்பீக்கர்ல மட்டும் ஒண்ணும் வரதில்ல. பெடலை ஒரு நூலு அசைச்சா டப்புனு முழு சத்தத்தோட வந்து விழுகுது. பெருந்துறைல ஒரு மண்டபத்துல பாடற அக்கா மெதுவா பல்லவி எடுக்கற எடத்துல இப்படி ஆயிருச்சு, அவங்க ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்கு மனசே ஆறலீங்க.

இன்னொண்ணு. சின்த்து புக்குல ஷெனாய் 112ன்னு போட்டிருக்குது, சீன்ல ப்ரோகிராம் சேஞ்ச் (சவுண்டை மாத்தச் சொல்ற செய்தி) 112 குடுத்தா கிணுகிணுன்னு மணி சத்தம் வருது. சித்தார் 105 குடுத்தா பாஞ்சோ. ஸ்ட்ரிங்ஸ் மட்டும் சரியா வருது. அதனால மேடைல ப்ரோகிராம் சேஞ்ச ஆஃப் பண்ணிட்டு சின்த்துலயே கையில மாத்திட்டு இருக்கேன்.

பெருந்துறை சவுண்ட்ஸ்:
எனக்கென்னமோ பெடல் மேல சந்தேகமுங்க. எக்ஸ்பிரஷன் பெடல்ல டிப்பும் ரிங்கும் கம்பெனிக்கு ஒரு மாதிரி வயரிங் இருக்கும், மாத்தி மாட்டுனா சத்தம் சீரா ஏறாம ஒரே எடத்துல குதிக்கும். அதில்லைன்னா கேபிள். ஜெனரேட்டர்ல ஓட்டறப்ப மட்டும் ஆகுதா, ஊட்லயும் ஆகுதா? வேற வேற கம்பெனி ஐட்டம்னாலும் சில நேரம் ஒத்துக்காதுன்னு சொல்லுவாங்க.

கோபி கீஸ்:
ஊட்லயும் அதே கதைதானுங்ணா. பெடல் சீன் 2ல நல்லா சீரா ஏறி எறங்குது. கேபிளும் வேற போட்டுப் பாத்தாச்சு.

ஈரோடு பேட்ச்:
தம்பி, பெடலும் கேபிளும் நல்லாத்தான் இருக்கோணும். வேற கம்பெனிங்கறதும் காரணமில்ல, மிடி வந்ததே அதுக்குத்தான், 1983 ஜனவரில அமெரிக்காவுல ஒரு கண்காட்சில சீக்வென்ஷியல் கம்பெனி ப்ராஃபெட் 600யும் ரோலன்ட் ஜூபிட்டர் 6யும் ஒரு கேபிள்ல மாட்டித்தான் முதல்ல காட்டுனாங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா ஊகத்துல சொல்ல வேண்டாம். கண்ட்ரோலரை யூஎஸ்பில லேப்டாப்புக்குக் குடுத்து மிடி-ஆக்ஸ் மாதிரி மிடி செய்தியக் காட்டற சாப்ட்வேர் ஏதாச்சும் ஒண்ணு திறந்து வையுங்க, நம்பரை டெசிமல்ல காட்டச் சொல்லுங்க. ப்ரோகிராம் சேஞ்சையும் ஆன் பண்ணிட்டு மேடைல பண்ற அதே வரிசைல பண்ணிப் பாத்து, வந்தத அப்படியே இங்க போடுங்க.

கோபி கீஸ்:
பண்ணிட்டேனுங்ணா. பெடல் நம்பர் நெறைய ஓடுது, முக்கியமானத மட்டும் போடறேன்.

சீன் 1, பெடலை இறக்கி முடிக்கறப்ப கடைசியா:
176 11 0

சீன் 2 அமுத்துனதும்:
193 112

பெடலை ஏத்துறப்ப கடைசியா:
177 11 127

திரும்ப சீன் 1:
192 49

ஒரு கீ அமுத்துனா:
144 60 92

ஈரோடு பேட்ச்:
ரெண்டு பிரச்சனையும் இதுலயே தெரியுது தம்பி.

176ன்னா சேனல் 1ல கண்ட்ரோல் சேஞ்ச், அதாவது சிசி, 177ன்னா சேனல் 2ல. அடுத்த 11 எக்ஸ்பிரஷன், மூணாவது மதிப்பு, 0ல இருந்து 127 வரைக்கும். நீங்க ஸ்ட்ரிங்ஸைக் கரைச்சப்ப சேனல் 1க்கு 0ன்னு போச்சு. அப்பறம் பெடலை ஏத்துனீங்க, அந்த 127 போனது சேனல் 2க்கு. சேனல் 1க்கு யாருமே ஒண்ணும் சொல்லல, அது இன்னும் 0லயேதான் நிக்குது. கோபிக்காரருக்குச் சொல்லோணும்னா கொடிவேரில தடப்பள்ளி வாய்க்கால் மதகை அடைச்சுப்போட்டு அரக்கன்கோட்டை மதகைத் தூக்குனா தடப்பள்ளில தண்ணி வருமா?

பதினாறு சேனலும் தன்தன் மதிப்பைத் தனித்தனியா ஞாபகம் வெச்சுக்கும். ப்ரோகிராம் சேஞ்ச் வந்தாலும் எக்ஸ்பிரஷன் மதிப்பு பொதுவா மாறாது. பெடலும் அசையறப்ப மட்டுந்தான் பேசும், சும்மா நின்னா ஒண்ணும் அனுப்பாது. அதனாலதான் கீ அடிச்சா 144 போகுது, டிஸ்ப்ளே மின்னுது, ஆனா எக்ஸ்பிரஷன் 0ங்கறதால சத்தம் இல்ல, ஒரு நூலு அசைச்சதும் பெடல் நிக்கற எடத்தோட மதிப்பு போய் முழு சத்தமா வருது.

சரி பண்றதுக்கு மூணு வழி இருக்குது. சீன் மாறறப்பவே சிசி 11க்கு 127 அனுப்பற மாதிரி சில கண்ட்ரோலர்ல வெச்சுக்கலாம், ஆனா அப்ப பெடல் கீழ நின்னுச்சுன்னா நீங்க அசைச்ச ஒடனே 127ல இருந்து தடால்னு கீழ விழும், அந்த அக்காவுக்கு மறுபடி அதே கஷ்டம். ரெண்டாவது ஒரு பட்டனுக்கு சிசி 121, அதாவது ரீசெட் ஆல் கண்ட்ரோலர்ஸ் குடுக்கறது, எக்ஸ்பிரஷன் 127க்குப் போயிரும், மாடுலேஷன் 0 ஆகும், பிட்ச் பெண்ட் நடுவுக்கு வரும், வால்யூம் சிசி 7ஐயும் பேன் சிசி 10ஐயும் தொடக்கூடாதுங்கறது விதி. பழைய சின்த்துல எப்படின்னு புக்கு கடைசிப் பக்கத்துல மிடி இம்ப்ளிமென்டேஷன் சார்ட்னு ஒரு அட்டவணை இருக்கும், வட்டம் போட்டிருந்தா உண்டு, பெருக்கல் குறின்னா இல்ல. ஆனா இதுலயும் பெடல் நிக்கற எடமும் சின்த்துல இருக்கற மதிப்பும் வேற வேறயாத்தான் இருக்கும்.

நான் உங்க எடத்துல இருந்தா மூணாவதத்தான் பண்ணுவேன். எல்லா சீன்லயும் மூணு ஜோனையும் (ஒரு சேனலுக்கு ஒரு ஜோன்) வெச்சு, கீ மட்டும் ஒரு ஜோன்ல ஆன் பண்ணி, பெடலை மூணு ஜோனுக்கும் ஆன் பண்ணிருங்க. பெடல் எங்க நிக்குதோ அதே மதிப்பு மூணு சேனலுக்கும் எப்பவும் போயிட்டே இருக்கும், குதிக்கற பேச்சே இல்ல.

சவுண்டு மாறி வரதுக்கு காரணம் எண்ணிக்கை. புக்குல 1ல இருந்து 128 வரைக்கும் எண்ணியிருக்காங்க, உங்க கண்ட்ரோலர் 0ல இருந்து 127 வரைக்கும் எண்ணுது. ஜெனரல் மிடிங்கற பொதுவான சவுண்டு வரிசைல 112 ஷெனாய், 113 டிங்கிள் பெல், 105 சித்தார், 106 பாஞ்சோ. எல்லாமே ஒண்ணு தள்ளிப் போகுது. ஸ்ட்ரிங்ஸும் சரியா வரல தம்பி, 49 ஸ்ட்ரிங்ஸ் ஒண்ணு, உங்களுக்கு வரது 50, ஸ்ட்ரிங்ஸ் ரெண்டு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கறதால வித்தியாசம் தெரியல. 111, 104, 48ன்னு குடுங்க.

பெருந்துறை சவுண்ட்ஸ்:
அருமையான வெளக்கமுங்க. பெடலை மூணு சேனலுக்கும் விட்டா மிடி கேபிள் தாங்குமா, நோட்டு லேட்டாகாதா?

ஈரோடு பேட்ச்:
நல்ல கேள்விங்க. அஞ்சு பின் கேபிள்ல நொடிக்கு 31,250 பிட்டு போகும், ஒரு சிசி செய்தி மூணு பைட்டு, ஒவ்வொண்ணும் பத்து பிட்டு, ஆக ஒரு செய்திக்கு ஒரு மில்லி செகண்டு கூட ஆகாது. மூணுக்கு மூணு மில்லி செகண்டு, காதுக்குத் தெரியாது. பதினாறு சேனலுக்கும் விட்டா 15 வரைக்கும் போகும், அது ஸ்பீடு பிட்டுல உறுத்தும். தேவையான சேனலுக்கு மட்டும் விடுங்க.

பொள்ளாச்சி ஸ்வரம்:
நடுவுல வாரேன், மன்னிச்சுக்கங்க. எனக்கு லேப்டாப்புல ரெக்கார்டு பண்ணப் போட்டா ஒவ்வொரு நோட்டும் ரெண்டா கேக்குது, கொழகொழன்னு இருக்குது. இதுவும் சிசி சம்பந்தப்பட்டதுங்களா?

ஈரோடு பேட்ச்:
ஆமாங்க, உங்க சின்த்து கீ அமுத்துனதும் தானே ஒருக்கா சத்தம் குடுக்குது, அதே நோட்டு லேப்டாப்புக்குப் போயி திரும்பி வந்து இன்னொருக்கா குடுக்குது. சின்த்துல லோக்கல் கண்ட்ரோல், அதாவது கீ அடிச்சா தானே சத்தம் குடுக்கறத, ஆஃப் பண்ணுங்க, சிசி 122க்கு 0 அனுப்புனாலும் ஆகும். ப்ரோகிராமுக்குக் கெளம்பறப்ப ஞாபகமா 127 குடுத்து ஆன் பண்ணிக்கங்க, இல்லைன்னா லேப்டாப் இல்லாம கீ அடிச்சா சத்தமே வராது.

கோபி கீஸ்:
அண்ணா, ஷெனாய் ஷெனாயாவே வந்துருச்சு! பெடலும் மூணு ஜோனுக்கும் விட்டாச்சு, அதே வரிசைல வாசிச்சுப் பாத்தேன், சீன் 1க்கு வந்ததும் பெடல் எங்க நிக்குதோ அந்த அளவுக்கே ஸ்ட்ரிங்ஸ் வருது. ரொம்ப நன்றிங்ணா. ஒண்ணே ஒண்ணு, எங்க சின்த்துல இன்னொரு பேங்குல (சவுண்டு தொகுப்புல) இதவிட நல்ல ஷெனாய் ஒண்ணு இருக்குது, அத எப்படிக் கூப்பிடறது?

ஈரோடு பேட்ச்:
சிசி 0, அப்பறம் சிசி 32, கடைசியா ப்ரோகிராம் சேஞ்ச், இந்த வரிசைல போகோணும். பேங்கு மட்டும் அனுப்புனா சவுண்டு மாறாது, அடுத்த ப்ரோகிராம் சேஞ்ச் வர வரைக்கும் காத்துட்டே இருக்கும். எந்த பேங்குக்கு என்ன நம்பருங்கறது ஒவ்வொரு சின்த்துக்கும் வேற, ரோலன்டோட ஜிஎஸ் முறைல வேரியேஷன் எண் சிசி 0ல போகும், யமஹா எக்ஸ்ஜில சிசி 32ல போகும், அதனால உங்க புக்குல இருக்கற ரெண்டு நம்பரையும் அப்படியே போடுங்க. சீன்ல எல்லாம் முடிச்சதும் ரைட் (சேவ்) குடுத்துட்டு அப்பறமா ஆஃப் பண்ணுங்க தம்பி.