குறைச்ச நிறை திரும்ப ஏறுது, வருசக்கணக்கா விடாமல் நடக்கிறாக்கள் எப்பிடிச் செய்யிறியள்?

குளக்கட்டு (கிளிநொச்சி)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயசு, கந்தோர் வேலை, விடிய எட்டரைக்குக் கதிரையிலை இருந்தா நாலேகாலுக்குத்தான் எழும்பிறது. ரெண்டு வருசத்துக்கு முதல் கிளினிக்கிலை சுகர் எல்லையிலை நிக்குது, நிறையைக் குறையுங்கோ எண்டு சொல்லிச்சினம், அப்ப 84 கிலோ. தேத்தண்ணிக்குச் சீனியை விட்டு, இரவிலை புட்டைப் பாதியாக்கி, ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டிலை நடந்து பத்து மாசத்திலை 69க்கு வந்தன். பதினைஞ்சு வருசத்துக்கு முதல் தைச்ச சாறிச்சட்டை திரும்பக் கொளுவிச்சுது, அண்டைக்கு எனக்கு அழுகையே வந்திட்டுது.

பிறகு ஐப்பசிக் கடைசியிலை மழை பிடிச்சுது. குளம் வான் பாயுது, போற பாதை முழுக்கச் சேறு, நாலு நாள் போகேல்லை, நாலு நாள் நாலு கிழமையாச்சு, அதுக்குள்ளை அம்மாவுக்கும் சுகமில்லாமல் வந்து ஆஸ்பத்திரியும் வீடும் எண்டு ஓடித் திரிஞ்சன், தையிலை வெயில் எறிக்கத் தொடங்கினாப்பிறகும் சப்பாத்து கதவுக்குப் பின்னாலை அப்பிடியே கிடந்துது. ஒருநாள் எடுத்துப் பாத்தா உள்ளுக்கை குளவி மண்கூடு கட்டியிருக்கு. இப்ப 76.

குறைக்கிறது எனக்குத் தெரியும், செய்து காட்டினனான். குறைச்சதை வைச்சிருக்கத்தான் தெரியேல்லை. தனியப் போகவும் பயம், ஆறு மணி தாண்டினா இருட்டு, நாய்த் தொல்லை வேறை. சனமும் "என்ன வருத்தமோ, இப்பிடி மெலிஞ்சு போனாய்" எண்டு கேக்கும். மூண்டு நாலு வருசமா விடாமல் செய்யிறாக்கள் இருந்தா சொல்லுங்கோ, உங்களுக்கு நடுவிலை விட்டுப் போகேல்லையோ, போனா எப்பிடித் திரும்பத் தொடங்கினனியள்?

---

சைக்கிள்காரன் (மல்லாவி)

தங்கச்சி, எனக்கு விட்டுப் போனது ஒருக்கா இல்லை, ஏழெட்டுத் தரம். அதைத்தான் முதல்லை சொல்ல வேணும்.

நான் 97 கிலோ இருந்தனான், இப்ப 79, நாலு வருசமா 78க்கும் 81க்கும் இடையிலை நிக்குது. 2009 சண்டையிலை பட்ட செல் துண்டு ஒண்டு வலது முழங்காலுக்கு மேலை இன்னும் கிடக்கு, அதாலை கனதூரம் நடக்க ஏலாது, அரை மணித்தியாலத்திலை உளைவு எடுத்திடும். கிளினிக்கிலை டொக்டர் நடக்கச் சொன்னோடனை எனக்கு இதெல்லாம் சரிவராது எண்டு விட்டிட்டன், மூண்டு வருசம் அப்பிடியே போச்சு. பிறகு பெடியன்ரை பழைய சைக்கிள் சும்மா கிடந்ததை எடுத்து சீற்றை ஒரு விரற்கடை உயத்திப்போட்டு ஓடிப் பாத்தன், முழங்கால் மடங்கிறது குறைஞ்சோடனை நோவே இல்லை. இப்ப விடிய அஞ்சரைக்கு வெளிக்கிட்டு வவுனிக்குளப் பக்கம் அரை மணித்தியாலம் போய் அரை மணித்தியாலம் வாறன். யானை நடமாட்டம் எண்டு கேள்விப்பட்டா மட்டும் நல்லா வெளிச்சப்பட்டாப்பிறகுதான்.

நான் பிடிச்சுக்கொண்டது ஒரே ஒரு விசயம். ரெண்டு நாள் தொடர்ந்து விடுறேல்லை. ஒருநாள் விடலாம், செத்தவீடு வரும், காய்ச்சல் வரும், வயல் அலுவல் வரும். ரெண்டாம் நாள் மழையெண்டாலும் சரி, விறாந்தைக்குள்ளை சைக்கிளை ஸ்ராண்டிலை ஏத்தி வைச்சுப் பத்து நிமிசம் பெடலை மிதிப்பன். பத்து நிமிசத்திலை நிறை குறையாது, அது எனக்கும் தெரியும், ஆனா மூண்டாம் நாள் சைக்கிளை எடுக்கேக்கை பஞ்சி வராது. உங்களுக்கு நிறை ஏறினது அந்த நாலு நாளிலை இல்லை தங்கச்சி, தையிலை வெயில் வந்தும் போகாததாலை.

---

கிளினிக்_மிஸ் (வவுனியா)

அண்ணை சொன்னது சரி. நான் தொற்றா நோய்க் கிளினிக்கிலை வேலை செய்யிறன், அக்கா மாதிரி வந்து அழுகிற ஆக்களைக் கிழமைக்குக் கிழமை பாக்கிறன், எல்லாரும் தங்களைத்தான் குற்றம் சொல்லினம், "எனக்கு மனக்கட்டுப்பாடில்லை மிஸ்" எண்டு. அது பாதிதான் உண்மை.

நிறை குறைஞ்சா உடம்பு அதைப் பஞ்சம் எண்டுதான் எடுக்கும். கொழுப்பிலை இருந்து வாற லெப்டின் எண்ட ஹோமோன் குறைஞ்சு பசி கூடும், சும்மா இருக்கேக்கை எரியிற சக்தியும் குறையும். 2016இலை வந்த ஒரு ஆய்விலை, அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒண்டிலை நிறை குறைச்ச 14 பேரை ஆறு வருசம் கழிச்சுப் பாத்தவை, அவையின்ரை உடம்பு எதிர்பாத்ததை விட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாத்தான் எரிச்சுதாம். 500 கலோரி எண்டா ஒரு நேரச் சோறு. அதாலை 69க்கு வந்தோடனை "காணும், இனி கொஞ்சம் விடலாம்" எண்டு நினைக்கிற நேரம்தான் உடம்பு கூடக் கேக்கிற நேரம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இலை சொன்னது பெரியாக்களுக்குக் கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிசம் மிதமான உடற்பயிற்சி, அதோடை தசைக்கான பயிற்சி ரெண்டு நாள். குறைச்ச நிறையை வைச்சிருக்க 200க்கு மேலை போறது நல்லது. அமெரிக்காவிலை 1994இலை தொடங்கின ஒரு பதிவேடு இருக்கு, 13 கிலோவுக்கு மேலை குறைச்சு ஒரு வருசமாவது ஏறாமல் வைச்சிருந்தாக்களைத்தான் அதிலை சேர்க்கிறது. அவையிலை பத்துக்கு ஒன்பது பேர் நாளுக்குச் சராசரி ஒரு மணித்தியாலம் உடற்பயிற்சி செய்யினம், ஆகக்கூடச் செய்யிறது நடை. நாலுக்கு மூண்டு பேர் கிழமைக்கு ஒருக்காவது நிறை பாக்கினம். ஜெயிச்சாக்களை மட்டும் கேட்டு எழுதினதெண்டதாலை இதுதான் காரணம் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது, ஆனா எங்கடை கிளினிக்கிலை நான் பாக்கிறதும் கிட்டத்தட்ட உதுதான்.

ஒரு மணித்தியாலத்தை ஒரேயடியா நடக்க வேணும் எண்டில்லை, காலமை இருபது மத்தியானம் பத்து பின்னேரம் முப்பது எண்டு பிரிச்சாலும் கணக்குத்தான். தசைக்கு ஜிம் தேவையில்லை, கதிரையிலை கை ஊண்டாமல் எழும்பி இருக்கிறது பத்துத் தரம், ரெண்டு கையிலையும் தண்ணிப் போத்தல் தூக்கிறது. முந்திக் கிணத்திலை அள்ளிக் குளிச்ச உடம்பு, இப்ப மோட்டர் சுவிச்சைப் போட்டுட்டு நிக்கிறம், அந்த இழப்பை எங்கையோ ஈடுகட்டத்தானே வேணும்.

முக்கியமா ஒண்டு. ஏற்கனவே சுகருக்குக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறாக்கள் வெறுவயித்தோடை கனநேரம் நடக்காதேங்கோ, தலை சுத்தி வேர்த்தா உடனை நிண்டு இனிப்பு ஏதும் வாயிலை போடுங்கோ, வீட்டை வந்து உள்ளங்காலைப் பாருங்கோ. மருந்தை மாத்திறது டொக்டரோடை கதைச்சு.

---

படலையடி (முள்ளியவளை)

அக்கா, சனம் கதைக்கிறதுக்கும் நாய்க்கும் நான் மறுமொழி சொல்லுறன். நாங்கள் மூண்டு பேர், பக்கத்துப் பக்கத்து வளவு. விடிய அஞ்சே முக்காலுக்கு முதல் எழும்பினவள் மற்றவளின்ரை படலையைத் தட்டுவாள். வட்டாப்பளைப் பக்கம் போய்த் திரும்புவம், ஆளுக்கொரு பூவரசந்தடி, நாய் கிட்ட வராது. எனக்குப் பஞ்சியாத்தான் இருக்கும், ஆனா படலையிலை ஆள் நிக்கேக்கை எப்பிடிப் படுத்திருக்கிறது? தொடக்கத்திலை "எங்கை பிள்ளையள் விடியக்காலமை ஊர்வலம்" எண்டு கேட்ட பெரியம்மா இப்ப தன்ரை மருமகளையும் எங்களோடை அனுப்பிறா.

கார்த்திகை மார்கழியிலை கூடத்துக்குள்ளை ரேடியோப் பாட்டைப் போட்டு நிண்ட இடத்திலை கால் தூக்கி நடப்பம், ஏழு பாட்டு முடிய அரை மணித்தியாலம். கச்சான் காத்துக் காலத்திலை பின்னேர நடை வேண்டவே வேண்டாம், அந்த வெக்கை ஆளைத் திண்டிடும்.

---

குளக்கட்டு (கிளிநொச்சி)

எல்லாருக்கும் கோடி நன்றி. மிஸ் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன், பஞ்சம் எண்டு உடம்பு நினைக்கும் எண்ட இடத்திலை மனசு கொஞ்சம் ஆறினது, இவ்வளவு நாளும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தன்.

குளவிக்கூட்டைத் தட்டிச் சப்பாத்தைக் கழுவி மதிலிலை வைச்சிருக்கிறன். பக்கத்து வீட்டு ரீச்சரிட்டைக் கேட்டன், தானும் வாறன் எண்டவா, நாளைக்கு விடிய ஆறு மணி. அண்ணை, உங்கடை அந்த ரெண்டு நாள் கணக்கிலை ஞாயிறும் சேருமோ?

---

சைக்கிள்காரன் (மல்லாவி)

சேரும் தங்கச்சி. சனி விட்டா ஞாயிறு கட்டாயம்.