அவசரம்: வீட்டுக்கு டிரெட்மில், 2 எச்பியா 4 எச்பியா?

பெருமாள்புரத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். முதல்முறையாக டிரெட்மில் வாங்குகிறோம். ஒன்றில் மோட்டார் 2 எச்பி (குதிரைத்திறன்) என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 4 எச்பி. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுக்கலாம்? ஞாயிற்றுக்கிழமையோடு தள்ளுபடி முடிகிறது. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
தம்பி, யார் ஏறப் போகிறார்கள்? நடக்கவா, ஓடவா? எடை எவ்வளவு? கீழ் வீடா மாடியா?

தாழையூத்து:
பட்ஜெட்டும் சொல்லுங்கள். ஒருத்தர் மட்டுமா, வீட்டில் எல்லோருமா?

இரும்புத்தேகம்:
எச்பியை மட்டும் பார்த்து மெஷின் வாங்காதீர்கள் என்று இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. மறுபடியும் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். 1 எச்பி என்பது 746 வாட். 4 எச்பி என்றால் மூவாயிரம் வாட்டை நெருங்கும். அந்த மெஷினில் சின்ன 6 ஆம்பியர் பிளக் இருந்தால், 230 வோல்ட்டில் 1380 வாட்டுக்கு மேல் இழுக்க வழியில்லை. அப்புறம் 4 எச்பி எங்கிருந்து வரும்? கணநேரம் எட்டுகிற பீக் கணக்கு அது. தொடர்ந்து தருகிற எச்பி எவ்வளவு என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

மோட்டார் வைண்டர்:
அவர் கணக்கு சரி. ஆனால் நம்ம ஊரில் மோட்டாரைவிட முதலில் போவது வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோல் போர்டுதான். எங்கள் தெருவில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். ஐப்பசி மாதம் இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவி வையுங்கள்.

தாழையூத்து:
ஸ்டெபிலைசருக்கு முன்னால் எர்த் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், உள்ளே எர்த் கம்பி இருக்காது.

பெருமாள்புரத்தான்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். அம்மாவுக்குத்தான். வயது 61, எடை 84 கிலோ. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலியும் உண்டு. நடக்க மட்டும்தான். மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், தார்சாவில் (வராந்தாவில்) போடலாம் என்று நினைக்கிறோம்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பேச்சே வேறு, தம்பி. ஆமாம், எதற்கு மெஷின்? பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானம் இருக்கிறது, குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றங்கரை இருக்கிறது. காலை ஐந்தரைக்கு அம்மாவை நாலு பெண்களோடு நடக்கச் சொல்லுங்கள். பேச்சுத் துணையும் ஆச்சு, காற்றும் ஆச்சு.

அம்பை அக்கா:
அண்ணாச்சி, ஐந்தரை மணி உங்களுக்குத்தான் நடக்கிற நேரம். எங்கள் வீடுகளில் அது அடுப்பு பற்ற வைக்கிற நேரம். தெரு முக்கில் நாலு நாய் படுத்துக் கிடக்கும். முழங்கால் வலியோடு இருக்கிறவர் அதுகளைக் கண்டு ஓட முடியுமா? சித்திரை வெயில் எட்டு மணிக்கே ஏறிவிடுகிறது, கார்த்திகையில் மழை. சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். அதற்கு மெஷின் நல்லதுதான்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
வெளியே போவது மனசுக்கும் நல்லது என்றுதான் சொன்னேன். நாய் விஷயம் சரிதான், அதை மறுக்கவில்லை.

இரும்புத்தேகம்:
கேள்வியை விட்டுவிட்டு நாய்க்குப் போய்விட்டீர்கள். 84 கிலோ ஆள் மெதுவாக நடப்பதுதான் சின்ன மோட்டாருக்குக் கஷ்டம். குறைந்த வேகத்தில் கரண்ட் அதிகம் இழுக்கும், மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடு ஏறும். "நடக்கத்தானே, சின்னது போதும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். எடை வரம்பு 110 கிலோவுக்குக் கீழே போகாதீர்கள். பெல்ட் அகலம் 42 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

அம்பை அக்கா:
என் மாமியாருக்கு வாங்கியபோது நாங்கள் பார்த்தது கைப்பிடிதான். நிறைய மெஷின்களில் முன்னால் ஒரு சாண் நீளத்துக்குத்தான் பிடி இருக்கும். வயதானவர்களுக்கு அது போதாது, இரண்டு பக்கமும் நீளமாக வர வேண்டும். சட்டையில் மாட்டுகிற பாதுகாப்புச் சாவியைச் சேலையில் எங்கே மாட்டுவது என்றும் பழக்கிவிடுங்கள். அது இழுபட்டால் பெல்ட் நின்றுவிடும். சேலைக் கொசுவம் பெல்ட்டில் மாட்டாமல் ஏற்றிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், நைட்டியோ சுடிதாரோ என்றால் இன்னும் நல்லது. முழங்காலுக்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஏற்றம் வைக்காமல் சமதளமாகவே நடக்கட்டும்.

மோட்டார் வைண்டர்:
தார்சா என்கிறீர்களே, தண்ணீர் வடிய அதில் லேசாக வாட்டம் இருக்கும். மெஷின் சமமாக நிற்காவிட்டால் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓரம் பிய்யும். ரசமட்டம் வைத்து மெஷினின் காலைச் சரி செய்யுங்கள். அப்படியும் இடது பக்கம் ஒதுங்கினால், பின்னால் இடப்பக்க போல்ட்டைக் கால் சுற்று மட்டும் முடுக்கி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரேயடியாக முடுக்கக் கூடாது. மாதம் ஒருதடவை பெல்ட் ஓரத்தைத் தூக்கி உள்ளே பலகையை விரலால் தடவுங்கள். விரலில் வழுவழுப்பு ஒட்டாவிட்டால் சிலிக்கான் ஆயில் விட வேண்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் கூடாது.

தாழையூத்து:
மாடி என்பதால் அடியில் தடிமனான ரப்பர் மேட் போடுங்கள். கீழே வீட்டுக்காரர் இருந்தால் முதல் நாளே சத்தம் பிரச்சினை ஆகிவிடும். சர்வீஸ் ஆள் திருநெல்வேலியிலேயே இருக்கிறாரா என்றும் கேளுங்கள். எங்களுக்கு மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தது. வாரண்டி மோட்டாருக்குத்தான், போர்டுக்கு இல்லை என்பது அவர் வந்து திறந்த பிறகுதான் தெரிந்தது.

அம்பை அக்கா:
ஒன்றே ஒன்று தம்பி, தள்ளுபடி போனால் போகட்டும். அம்மாவையே கடைக்குக் கூட்டிப் போய், செருப்பைக் கழற்றி ஷூ போட்டு, பத்து நிமிடம் நடக்க வைத்துப் பாருங்கள். அவர் பயந்தால் எந்த எச்பியும் உதவாது.

பெருமாள்புரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவை அழைத்துப் போனோம். 4 எச்பி மெஷினில் பிடி குட்டையாக இருந்ததால் அம்மா ஏறவே இல்லை. மற்றதில் நடந்தார், அதையே சொல்லிவிட்டோம். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார், தார்சா பிளக்கில் எர்த் இல்லையாம். அதைப் போட்ட பிறகுதான் மெஷின் இறங்கும்.

தாழையூத்து:
நல்லது. எந்த மாடல், எவ்வளவு ஆச்சு? என் அண்ணனும் தேடிக்கொண்டிருக்கிறான்.

தாழையூத்து:
தம்பி, இருக்கிறீர்களா?