மறு: பல்லுக்குக் கம்பி போட்டவர்களின் ஈறு – ‘ஈறேற்றம்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்கு ஈறு மிகுந்து பல்லை மூடுவதை நோயாளிகளுக்கான கைக்குறிப்பில் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ‘ஈறேற்றம்’, ‘ஈறு வீக்கம்’, ‘மிகைவளர்ச்சி’ ஆகிய சொற்கள் வந்துள்ளன. ‘ஈறேற்றம்’ காதுக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் மேல்வரிசைப் பல்லை நினைத்துப் பாருங்கள். அங்கே ஈறு மிகுந்தால் கீழ்நோக்கியல்லவா வருகிறது! இறங்கி வருவதற்கு ஏற்றம் என்று பெயர் வைத்தால் பல் மருத்துவர்கள் சிரிப்பார்கள்.

‘ஈறு வீக்கம்’ வேண்டவே வேண்டாம். வீக்கம் என்றால் வடிந்துவிடும் என்பது நம் மக்களின் எண்ணம். கம்பியைச் சுற்றி அழுக்குப் படிந்து, ஈறு சிவந்து உப்புவது சுத்தம் செய்து ஒழுங்காகத் துலக்கினால் பெரும்பாலும் அடங்கும். நார்த்திசு மிகுந்து கெட்டிப்பட்டுப் பல்லையே பாதி மூடிய ஈறு அப்படி அடங்காது. லேசரும் கத்தியும் தேவைப்படுவது பெரும்பாலும் அதற்குத்தான். கைக்குறிப்பில் ‘வீக்கம்’ என்று எழுதினால் மாத்திரையில் சரியாகும் என்று வீட்டில் காத்திருப்பார்கள்.

‘மிகைவளர்ச்சி’யிலும் ஒரு வம்பு. உயிரணுக்களின் எண்ணிக்கை கூடுவது வேறு, ஒவ்வோர் அணுவும் பருப்பது வேறு. இரண்டுக்கும் மருத்துவத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு. வெறுமே பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஆகவே காரணத்தைத் தொடாத சொல்லே நமக்கு வேண்டும். வலிப்புக்குப் பெனிட்டோயின் என்ற மருந்து எடுப்பவர்களுக்கும் ஈறு இப்படி மிகும். அவர்களையும் அந்தச் சொல் தழுவ வேண்டும்.

என் முன்மொழிவு ‘மிகையீறு’. ஈறு என்பதை முன்னால் வைத்தால் புணர்ச்சியில் பெரும்பாலும் ‘ஈற்று’ ஆகிவிடுகிறது. ‘ஈற்று மிகை’ என்றதும் செய்யுளின் கடைசி அடியான ஈற்றடியும் முதல் கன்று ஈன்ற தலையீற்றுப் பசுவும் நினைவுக்கு வருகின்றன. (பள்ளியில் ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ என்று கேட்டபோது அதை ஏதோ பல்நோய் என்றே நினைத்தேன்.) பின்னால் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சிகிச்சைக்கு ‘ஈறு நீக்கம்’ என்றால் நோயாளி நாற்காலியை விட்டே எழுந்து ஓடிவிடுவார். எடுப்பது மிகுந்த பகுதியை மட்டும்தான். எனவே ‘மிகையீறு நீக்கம்’. எஞ்சியதை வளைவாகச் செதுக்கி ஒழுங்குபடுத்துவது ‘ஈறு சீரமைப்பு’.

கைக்குறிப்பின் வரைவில் ‘லேசர் அல்லது அறுவை சிகிச்சை’ என்று பிரித்திருப்பதையும் மாற்ற வேண்டும். லேசரால் அறுப்பதும் அறுவைதானே? ‘லேசரால்’, ‘கத்தியால்’ என்று கருவியைக் கொண்டு பிரிப்போம். பல் மருத்துவத்தில் பரவலாக உள்ள டயோடு லேசரின் ஒளி (ஏறத்தாழ 810 முதல் 980 நானோமீட்டர்) ஹீமோகுளோபினாலும் மெலனினாலும் உறிஞ்சப்படுகிறது. அதனால் அறுக்கும்போதே இரத்தம் உறைகிறது. தையல் பெரும்பாலும் வேண்டியதில்லை. லேசருக்குச் ‘சீரொளி’ என்பது நல்ல ஆக்கம்தான், ஆனால் நோயாளிக்கான தாளில் லேசரே இருக்கட்டும்.

இன்னொன்று: இலங்கையில் ஈறை ‘முரசு’ என்பார்கள். ‘மிகைமுரசு’ என்றால் எனக்குப் போர்ப்பறைதான் கேட்கிறது. அங்கே அது இயல்பாக ஒலிக்குமா என்பதை யாழ்ப்பாணத்து அன்பர்கள்தான் சொல்ல வேண்டும்.